பின்காலே இல்லாத ஈட்டி மர (ரோஸ்வுட்) மேசை: கால் வைக்கச் சொல்கிறார் ஆசாரி, என்ன செய்யலாம்?

இரணியல்காரி:

அண்ணாச்சிமார், அக்காமார் எல்லாருக்கும் வணக்கம். தக்கலைப் பக்கம் எங்கள் அம்மை பிறந்த வீட்டை இந்தக் கோடையில் பிரித்தோம். ஓட்டு வீடு, உத்தரமெல்லாம் செதல் ஏறி இனித் தாங்காது என்று ஆகிவிட்டது. கட்டில், பத்தாயம், அலமாரி எல்லாவற்றுக்கும் சொந்தத்தில் ஆள் இருந்தது, ஒரு மேசையை மட்டும் யாரும் கேட்கவில்லை, ஏனென்றால் அதற்குப் பின்பக்கம் காலே கிடையாது. அதை நான் எடுத்துக்கொண்டேன்.

அகலம் நாலடி, ஆழம் ஒன்றரை அடி, உயரம் இரண்டே முக்கால் அடி. முன்பக்கம் வளைந்து வருகிறது, பின்பக்கம் நேர்கோடு. முன்கால் இரண்டும் மேலே முட்டியாகப் புடைத்து, கீழே போகப் போக ஒடுங்கி, அடியில் ஒரு பறவையின் நகம் உருண்டையைக் கவ்விப் பிடித்திருக்கிறது. முன்சட்டம் முழுக்க இலையும் கொடியும் செதுக்கியிருக்கிறார்கள். பின்சட்டம் வெறும் பலகை, பாலிஷ்கூட இல்லை, இரும்புப் பட்டை அடித்திருந்த துளைகள் மட்டும் இருக்கின்றன. மேலே சாம்பல் ரேகை ஓடுகிற வெள்ளைப் பளிங்கு. அது ஒட்டவில்லை, சும்மா வைத்ததுதான், தூக்க இரண்டு பேர் வேண்டும்.

மேசையைப் பார்த்த ஆசாரி மூன்று வேலை சொல்கிறார். பின்னால் இரண்டு கால் வைக்கணும், மொத்தமும் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து பி.யு. (பாலியூரித்தேன்) பாலிஷ் அடிக்கணும், பளிங்கு மங்கிப்போனதால் கறுப்பு கிரானைட் மாற்றணும். வீட்டுக்காரருக்கும் அதுவே சரி என்று படுகிறது. எனக்கு மனசு ஒப்பவில்லை, ஆனால் என்ன காரணம் சொல்வது என்றும் தெரியவில்லை. இது என்ன மேசை, எந்தக் காலத்தது, எங்கள் வீட்டில் எங்கே வைக்கலாம்? முன்வாசலிலிருந்து ஹாலுக்குப் போகிற நடை ஐந்தடி அகலம்கூட வராது, இடம் என்றால் அதுதான் இருக்கிறது.

மரவாசனை:

அக்கா, ஆசாரியிடம் கொஞ்சம் பொறுக்கச் சொல்லுங்கள். அந்த மேசைக்குப் பின்கால் உடைந்து போகவில்லை, செய்தவர் வைக்கவே இல்லை. கன்சோல் மேசை என்று இன்றைக்குக் கடைகளில் நாலு காலோடு விற்கிறார்களே, அதற்கெல்லாம் மூத்த வடிவம் உங்கள் கையில் இருப்பது.

17-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இத்தாலியிலும் பிரான்சிலும் அரண்மனைகளுக்கும் பிரபுக்கள் மாளிகைகளுக்கும் என்று உருவானது இது. பழைய ஐரோப்பியக் கட்டடங்களில் பால்கனியைத் தாங்கிக்கொண்டு சுவரிலிருந்து சுருள் சுருளாக ஒரு தாங்கி நீண்டு வரும் பாருங்கள், அந்தத் தாங்கியைத்தான் மரத்தில் பெரிதாகச் செதுக்கி, தலையில் பளிங்கை வைத்து, பின்பக்கத்தைச் சுவரில் முடுக்கிவிட்டார்கள். பாரத்தில் பாதியைச் சுவரே வாங்கிக்கொள்ளும். சாப்பிடுவதற்கோ எழுதுவதற்கோ செய்த மேசை இல்லை. உள்ளே வருகிறவர் முதலில் பார்க்கிற இடத்தில் நிற்க வேண்டியது, அவ்வளவுதான் அதன் வேலை. அதனால்தான் இருக்கிற செதுக்கல் அத்தனையும் முன்னால், பின்னால் வெறும் பலகை. உங்கள் மேசையின் பின்சட்டம் பாலிஷ் இல்லாமல் இருப்பது குறையே இல்லை. சுவருக்கென்றே செய்தது என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி கிடையாது.

கண்ணாடியையும் இதோடு சேர்த்துத்தான் பேச வேண்டும். பெரிய கண்ணாடி என்றால் வெனிஸ்தான் என்று இருந்த காலத்தில், 1665-இல் பிரான்ஸ் தன் சொந்தக் கண்ணாடித் தொழிற்சாலையைத் தொடங்கியது. வெர்சாய் அரண்மனையின் கண்ணாடி மண்டபம் 1678-இல் தொடங்கி 1684-இல் முடிந்தது, 17 வளைவுகளில் 357 கண்ணாடிகள். 14-ஆம் லூயி அங்கே மேசையும் விளக்குத் தண்டும் வெள்ளியிலேயே செய்து வைத்திருந்தார், 1689-இல் போர்ச் செலவுக்காக அத்தனையையும் உருக்கிக் காசாக்கிவிட்டார்கள். அந்த இடத்துக்குப் பொன்தாள் ஒட்டிய மரச்சாமான் வந்தது. சுண்ணத்தூளையும் பசையையும் குழைத்து அடுக்கடுக்காகப் பூசி, செம்மண் குழம்பு தடவி, அதன் மேல் பொன்தாளை ஒட்டித் தேய்ப்பார்கள், நம் தஞ்சாவூர்ப் படத்தில் செய்கிற வேலைக்கு ஏறக்குறையப் பங்காளி. அப்புறம் மின்சாரம் இல்லாத காலம் இல்லையா, இரண்டு சன்னலுக்கு நடுவே இருக்கிற சுவரில் ஆளுயரக் கண்ணாடி, அதன் அடியில் கன்சோல், கன்சோல் மேல் மெழுகுவர்த்தி. எரிகிற சுடர் ஒன்று, கண்ணுக்குத் தெரிவது இரண்டு. அறைக்கு வெளிச்சம் கூட்டுகிற ஏற்பாடும் அதுவேதான்.

18-ஆம் நூற்றாண்டில் இந்த வடிவம் இங்கிலாந்துக்குப் போய் வேறு வேறு உருவம் எடுத்தது. வில்லியம் கென்ட் போன்றவர்கள் கனமான சிற்பவேலை மேசைகளை வரைந்தார்கள், சிறகு விரித்த கழுகே பளிங்கைத் தாங்குகிற மாதிரியான மேசைகளும் அந்தக் காலத்தவை. தாமஸ் சிப்பன்டேல் 1754-இல் தன் சாமான் வடிவங்களைப் புத்தகமாகப் போட்டதும் ஊர் ஊராகத் தச்சர்கள் அதைப் பார்த்துச் செய்யத் தொடங்கினார்கள். ராபர்ட் ஆடம் காலத்தில் மெலிந்த நேர்க்கால்களோடு அரைவட்ட மேசை வந்தது, மேலே மெல்லிய மரத்துண்டுகளைப் பூவும் மாலையுமாகப் பதித்த வேலை. அந்தப் பதிப்புக்கு மஞ்சள் நிறப் பளபளப்பான மரம் தேவைப்பட்டது. முதலில் மேற்கிந்தியத் தீவுகளிலிருந்து எடுத்தார்கள், நூற்றாண்டுக் கடைசியில் நம் பக்கத்துப் புரச மரமும் போனது, இலங்கையில் முதிரை என்பார்கள். லண்டன் வரவேற்பறையில் நிற்கிற சில மேசைகளின் மேல்தோல் நம் காட்டு மரம் என்பதை நினைத்தால் எனக்கு எப்போதும் ஒரு சந்தோஷம்.

உங்கள் மேசையின் வயதைச் சொல்ல இரண்டு விவரம் வேண்டும். பளிங்கைக் கவிழ்த்து அடிப்பக்கம் எப்படி இருக்கிறது என்று பாருங்கள். எங்காவது ஸ்க்ரூ இருந்தால் ஒன்றை மட்டும் மெதுவாகக் கழற்றி நுனியைப் பாருங்கள்.

எல்லைச்சாலை:

வரலாறு எல்லாம் நல்லாத்தான் இருக்கிறது, ஆனால் நான் கால் வைக்கிற கட்சி. வீட்டில் பிள்ளைகள் ஓடும், யாராவது முன்னால் ஏறி அழுத்தினால் அவ்வளவு பளிங்கும் காலில் விழும். சுவரில் அடிக்கலாம் என்பீர்கள், நம் ஊர்ப் பழைய சுவர் வெட்டுகல்லும் சுண்ணாம்பும், ட்ரில் போட்டால் மாவாக உதிர்கிறது. அத்தை வீட்டில் இதே மாதிரி ஒரு மேசைக்குப் பின்னால் சதுரமாக இரண்டு தேக்குக் கால் வைத்தோம், இன்றும் ஆடாமல் நிற்கிறது. சாமான் மனிதருக்குத்தானே, மனிதர் சாமானுக்கு இல்லையே.

குழித்துறைப் பட்டறை:

எல்லைச்சாலைத் தம்பி பயப்படுவதில் நியாயம் இருக்கிறது. நாலடிக்கு ஒன்றரை அடி, முக்கால் அங்குலக் கனம் என்றாலே பளிங்கு இருபது கிலோவுக்கு மேல் வரும், விளையாட்டு இல்லை. ஆனால் கால் வைத்தால் அந்தப் பயம் தீராது, அதையும் சொல்லிவிடுகிறேன். இந்த மேசையின் முன்கால் வளைந்து முன்னால் தள்ளி நிற்கும், எடை பின்பக்கமும் கீழேயும் போகிற மாதிரி அமைத்தது. பின்னால் நேர்க்கால் வைத்து, சுவரை விட்டுத் தள்ளி வைத்துவிட்டால் அதுவும் மற்ற மேசை மாதிரி ஆகிவிடும், பிள்ளை ஏறினால் அப்போதும் சாயும். சுவரோடு கட்டினால்தான் உறுதி. நாலு கால் மேசையாக இருந்தாலும் மேலே கனம் இருந்தால் சுவரோடு கட்டுங்கள் என்றுதான் நான் சொல்வேன்.

இன்னொரு விஷயம், கால் வைக்க வேண்டுமென்றால் பின்சட்டத்தில் கழுந்துக்கு, அதாவது காலின் மூட்டு முளைக்கு, துளை எடுக்க வேண்டும். நூறு வருடம் காய்ந்த ஈட்டியில் உளி வைத்துப் பாருங்கள், பிளந்தால் ரேகையோடு ஓடிவிடும். ஒரு தடவை எடுத்த துளையைத் திரும்ப இல்லாமல் ஆக்கவும் முடியாது.

நாங்கள் செய்கிற முறை இது. மேசை அகலத்துக்கு ஐந்தாறு அங்குலம் குறைவாக, ஒன்றரை அங்குலக் கனத்தில் ஒரு தேக்கு ரீப்பர், அதாவது நீளச் சட்டம், எடுத்துக்கொள்ளுங்கள். மேசையை வைக்கப்போகிற உயரத்தில், பின்சட்டத்தின் அடிவிளிம்பு எங்கே வருமோ அங்கே ரீப்பரைச் சுவரில் குறுக்காகப் பிடியுங்கள், ரசமட்டம் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள். சுண்ணாம்புச் சுவர் என்றால் சாதாரண பிளாஸ்டிக் ரால் பிளக் நிற்காது, தம்பி சொன்னபடி உதிரும். நீளமான துளை போட்டு, தூசியை ஊதி வெளியேற்றி, கெமிக்கல் ஆங்கர் பசை நிரப்பித் திருகுக்கம்பி இறக்குங்கள், அதையும் இரண்டு இடத்தில் மட்டும் போடாமல் நாலைந்து இடத்தில் பிரித்துப் போடுங்கள். துளை கல்லின் நடுவே விழணும், சந்தில் விழக் கூடாது. பசை இறுகியதும் மேசையைத் தூக்கிப் பின்சட்டத்தை ரீப்பர் மேல் உட்கார வையுங்கள். முன்னால் சரியாமல் இருக்க, பழைய இரும்புப் பட்டை இருந்த அதே துளைகளில் புதுப் பட்டை போட்டால் போதும். மேசையில் புதுத் துளை ஒன்றுகூட விழாது, நாளைக்கு வீடு மாறினாலும் கழற்றிக்கொண்டு போகலாம்.

பாலிஷுக்கு வருகிறேன். பஞ்சில் இரண்டு சொட்டு ஸ்பிரிட் நனைத்து, யார் கண்ணுக்கும் படாத ஒரு மூலையில் அரை நிமிடம் வைத்து எடுங்கள். பிசுபிசுவென்று இளகிப் பஞ்சில் ஒட்டினால் அது அரக்கு, அதாவது ஸ்பிரிட்டில் அரக்கைக் கரைத்துத் துணிப்பொட்டலத்தால் தேய்த்துத் தேய்த்து ஏற்றின பழைய பாலிஷ். ஈட்டி என்றால் பஞ்சில் ஊதா கலந்த சாயமும் இறங்கும், பயப்பட வேண்டாம், அது மரத்தின் நிறம். அரக்கில் ஒரு பெரிய வசதி என்னவென்றால், பழைய பூச்சின் மேல் புதுப் பூச்சு இளகிச் சேரும், அதனால் மங்கின இடத்தை மட்டும் எடுக்கலாம். பி.யு. அப்படி இல்லை, மேலே ஒரு தோலாக நிற்கும், கீறினால் மொத்தத்தையும் சுரண்ட வேண்டும். உப்புத்தாள் போட்டால் செதுக்கலின் விளிம்பெல்லாம் மழுங்கிவிடும், இலையின் நரம்பு போய்விடும், நகத்தின் கூர்மை போய்விடும். அந்த வேலையைச் செய்தவர் உளியோடு விட்டுவிட்டுப் போன இடங்கள் அவை. தயவுசெய்து அதில் தாள் படக் கூடாது. வெதுவெதுப்பான தண்ணீரில் துணியை நனைத்து நன்றாகப் பிழிந்து அழுக்கைத் துடையுங்கள், செதுக்கல் இடுக்குகளுக்குப் பழைய பல்துலக்கும் பிரஷ், காய்ந்ததும் தேன்மெழுகு. பெரும்பாலும் அதிலேயே பாதி வேலை முடிந்துவிடும்.

உளு இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். ஈட்டியின் வைரத்தில், அதாவது உள்மரத்தில், வண்டு விழாது, ஆனால் பின்சட்டத்தில் வெளிர் நிறமாக வெள்ளைப்பகுதி இருந்தால் அதில் குண்டூசித் துளைகள் இருக்கும். துளை இருக்கிறது என்பதற்காக உள்ளே வண்டு உயிரோடு இருக்கிறது என்று அர்த்தமில்லை. அடியில் ஒரு கறுப்புத் தாளை விரித்து ஒரு வாரம் விடுங்கள். புதுமாவு விழுந்தால் மருந்து வேண்டும், விழாவிட்டால் விட்டுவிடலாம்.

இரணியல்காரி:

அண்ணாச்சி, படித்ததும் மனசு தெளிந்தது. வீட்டுக்காரரும் கூட உட்கார்ந்து படித்தார், ரீப்பர் யோசனை அவருக்கும் பிடித்துவிட்டது.

பளிங்கைக் கவிழ்த்தோம். மேலே எவ்வளவு வழுவழுப்போ, அடியில் அவ்வளவு முரடு, உளி கொத்தின தடம் வரி வரியாக இருக்கிறது. முன்விளிம்பு மட்டும் உருட்டி இழைத்திருக்கிறார்கள். ஸ்க்ரூ நான்குதான், முன்சட்டத்தைக் காலோடு பிடித்திருக்கிற மரத்துண்டுகளில். ஒன்றைக் கழற்றினோம், தலையில் ஒரே கோடு, நுனி கூர்மை. மற்ற இணைப்பெல்லாம் மர ஆணி. ஸ்பிரிட் வைத்ததும் பஞ்சு ஊதாவாகிவிட்டது, பிசுபிசுப்பும் இருந்தது. கறுப்புத் தாள் விரித்திருக்கிறேன், இதுவரை சுத்தமாக இருக்கிறது.

மரவாசனை:

அருமை. நுனி கூர்ந்த ஸ்க்ரூ 19-ஆம் நூற்றாண்டின் நடுவிலிருந்துதான் பரவலாக வந்தது, அதற்கு முன்பு நுனி மொட்டை. பிளஸ் தலை 1930-களுக்குப் பிறகு. ஆகவே, ஸ்க்ரூ பிறகு மாற்றினது இல்லை என்றால், உங்கள் மேசை 1850-க்கு முந்தியதாக இருக்க வாய்ப்பு குறைவு. நகம் உருண்டையைக் கவ்வுகிற கால் 18-ஆம் நூற்றாண்டு மோஸ்தர்தான், ஆனால் 19-ஆம் நூற்றாண்டின் கடைசியிலும் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் அது திரும்பவும் ஒரு சுற்று வந்தது. கையால் கொத்தின பளிங்கு அடிப்பக்கம், மர ஆணி, அரக்கு இவை எல்லாம் சேர்ந்து பார்க்கும்போது என் கணிப்பு 1880 முதல் 1920-க்குள், நம் பக்கத்துத் தச்சர் ஒருவர் கையால் செய்தது. ஐரோப்பாவில் செய்ததாக இருந்தால் இவ்வளவு தடிமனாக ஈட்டியை அள்ளிக் கொட்டியிருக்க மாட்டார்கள், அங்கே அது கப்பலில் வருகிற விலை உயர்ந்த மரம், மலிவு மரத்தின் மேல் மெல்லிய தோலாக ஒட்டுவதுதான் வழக்கம்.

இங்கேகூட ஈட்டி லேசில் கிடைத்த மரம் இல்லை. 1956 நவம்பர் 1-இல் கல்குளம், விளவங்கோடு, தோவாளை, அகஸ்தீஸ்வரம் நாலு தாலுகாவும் சென்னை மாநிலத்தோடு சேரும் வரை நாம் திருவிதாங்கூர், 1949-க்குப் பிறகு திருவிதாங்கூர்-கொச்சி. திருவிதாங்கூரில் தேக்கு, ஈட்டி, கருங்காலி, சந்தனம் இவை ராஜ மரம், நிலம் யாருடையதாக இருந்தாலும் மரம் சர்க்காருக்கு. அந்த மரத்தில் இப்படி ஒரு மேசை செய்து வைத்தார்கள் என்றால் அந்த வீட்டின் பூமுகத்துக்கு, அதாவது முன்னறைக்கு, யாரோ முக்கியமானவர்கள் வந்து போயிருக்கிறார்கள். நம் பழைய வீடுகளில் உட்காருவதும் உண்பதும் தரையில்தான், மேசை நாற்காலி விருந்தாளிக்காக முன்னறைக்கு வந்தது. உங்கள் அம்மையிடம் அந்த வீட்டில் யார் உத்தியோகத்தில் இருந்தார்கள், மேசை எந்தச் சுவரில் நின்றது என்று இப்போதே கேட்டு எழுதி வையுங்கள், அந்த விவரம் வேறு எங்கும் கிடைக்காது.

பழைய சாமான் வாங்க வருகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. கன்சோல் என்று சொல்லி விற்கிற அரைவட்ட மேசையெல்லாம் கன்சோல் கிடையாது. பெரிய சாப்பாட்டு மேசையின் இரண்டு முனைகளையும் கழற்றித் தனித்தனியாக விற்பார்கள். நேர்விளிம்பைத் தடவிப் பாருங்கள், வரிசையாகத் துளையோ பித்தளைக் கொக்கி மாட்டின காடியோ இருந்தால் அது முனைத்துண்டு. மேல்பலகை இரண்டு அடுக்காக மடிந்து, பின்னால் ஒரு கால் கதவு மாதிரித் திறந்தால் அது சீட்டாட்ட மேசை. இரண்டுமே நல்ல சாமான்கள்தான், ஆனால் கன்சோல் விலை கொடுத்து வாங்க வேண்டாம்.

சித்தூர்ப்புழை:

இரணியல் அக்கா, பாலக்காட்டுப் பக்கத்திலிருந்து எழுதுகிறேன், பழைய வீடுகளை உள்ளே சீர்படுத்திக் கொடுப்பது என் வேலை. ஐந்தடி நடை என்கிறீர்களே, ஒன்றரை அடி மேசைக்குப் போனாலும் மூன்றடிக்கு மேல் மிச்சம், ஒருவர் கையில் பையோடு தாராளமாக நடக்கலாம். உங்கள் மேசைக்கு முன்னால் மூலையே இல்லை பாருங்கள், வளைந்து போகிறது, குறுகின நடையில் இடுப்பில் இடிக்காது. சதுரமாக இருந்திருந்தால் நான் வேண்டாம் என்றிருப்பேன்.

எந்தச் சுவர் என்பது முக்கியம். இடவப்பாதி மழைக்கு, அதாவது தென்மேற்குப் பருவமழைக்கு, ஊறுகிற வெளிச்சுவரில் வைக்காதீர்கள். உங்கள் பக்கத்தில் ஐப்பசியிலும் மழை உண்டு, இரண்டு பருவமும் அடிக்கிற ஊர். இந்த மேசை சுவரை ஒட்டியே நிற்க வேண்டியது, விலக்கி வைத்துக் காற்றோட்டம் கொடுக்க முடியாது, ஆகவே சுவர் காய்ந்ததாக இருக்க வேண்டும். உள்சுவர் நல்லது. சாயங்கால வெயில் நேராக விழுகிற இடமும் வேண்டாம், ஈட்டியின் கருமை வெளுத்துப் பழுப்பாகிவிடும்.

மேலே கண்ணாடி வையுங்கள். கண்ணாடியின் அகலம் மேசையைத் தாண்டக் கூடாது, நாலடிக்கு மூன்றடி சரியாக இருக்கும், அடிவிளிம்பு பளிங்கிலிருந்து ஆறு எட்டு அங்குலம் மேலே. ஆனால் கண்ணாடியில் என்ன தெரியும் என்று பார்த்துவிட்டு ஆணி அடியுங்கள். எதிர்ச்சுவரில் ஃப்யூஸ் பெட்டி இருந்தால் நாள் முழுக்க அதைத்தான் இரண்டாகப் பார்த்துக்கொண்டிருப்பீர்கள். முற்றத்து வெளிச்சமோ சன்னலோ விழுகிற மாதிரிக் கோணம் கிடைத்தால் அந்த நடையே மாறிவிடும். கண்ணாடி வேண்டாம் என்றால் பெரியவர்கள் போட்டோ ஒன்று, தனியாக. பத்துச் சின்னப் படங்களை அடுக்கினால் கீழே இருக்கிற செதுக்கலை யாரும் பார்க்க மாட்டார்கள்.

பளிங்கின் மேல் மூன்று பொருளுக்கு மேல் வைக்காதீர்கள், இதில் நான் கண்டிப்பு. ஒரு பக்கம் உயரமாக ஒன்று, நிலவிளக்கோ குத்துவிளக்கோ. மறுபக்கம் தாழ்வாக ஒன்று, உருளியில் தண்ணீரும் பூவும். சாவி போட ஒரு சின்னப் பித்தளைத் தட்டு. உலோகத்தை மெருகேற்றிச் செய்கிற ஆரன்முளைக் கண்ணாடி வீட்டில் இருந்தால் அதற்கும் இது நல்ல இடம், ஆனால் வருகிற பிள்ளைகளெல்லாம் விரல் வைக்கும், யோசித்துக்கொள்ளுங்கள். மேசைக்கு அடியில் கூடை, செருப்பு அலமாரி, ஸ்டூல் எதுவும் தள்ள வேண்டாம். இரண்டு கால் மேசையின் அழகே அடியில் தரை திறந்து கிடப்பதில் இருக்கிறது, அந்த வளைந்த கால் சுவரில் நிழலாக விழுவதைப் பார்க்க வேண்டும். ஒரு பழைய பீங்கான் பரணி ஒன்றை ஓரமாக வைக்கலாம், அதற்கு மேல் வேண்டாம்.

அமெரிக்காவில் 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் செய்த இந்த வகை மேசைகளில் அடியிலேயே, இரண்டு காலுக்கு நடுவே, சுவரோடு ஒரு கண்ணாடி பதித்திருப்பார்கள். நியூயார்க்கில் லானுயே என்கிற பிரெஞ்சுத் தச்சர் செய்தவை பேர்பெற்றவை. பெண்கள் உள்பாவாடை தெரிகிறதா என்று பார்க்க வைத்தது என்று ஒரு கதை இணையத்தில் சுற்றுகிறது, நம்ப வேண்டாம். தரையையும் வெளிச்சத்தையும் திருப்பிக் காட்டி அறையைப் பெரிதாக்கத்தான் அது. உங்கள் நடை இருட்டாக இருந்தால் அடியில் ஒரு சின்ன மஞ்சள் விளக்கை மறைவாக வைத்தாலும் அதே பலன் கிடைக்கும்.

எல்லைச்சாலை:

சரி, குழித்துறை அண்ணாச்சி சொன்ன ரீப்பர் முறை எனக்கும் நியாயமாகத்தான் படுகிறது, பிள்ளைகள் ஏறினாலும் சுவர் பிடித்துக்கொள்ளும். ஒன்று கேட்க வேண்டும். இப்படிப்பட்ட மேசையை வெளிநாட்டில் இருக்கிற மகனுக்கு அனுப்ப நினைக்கிறவர்கள் எங்கள் தெருவிலேயே இருக்கிறார்கள். அனுப்ப முடியுமா?

மரவாசனை:

லேசில் முடியாது, அது நல்லதும்கூட. 1972-ஆம் ஆண்டுப் பழம்பொருள் சட்டப்படி நூறு வருடம் தாண்டிய பழம்பொருளைத் தனியார் நாட்டுக்கு வெளியே அனுப்பக் கூடாது. நூறு ஆகாத சாமான் என்றாலும் ஈட்டி என்பதால் இன்னொரு கதவு இருக்கிறது. 2017 ஜனவரி 2 முதல் ஈட்டியும், அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்துகிற சைட்டீஸ் என்ற பன்னாட்டு உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில், சாமானாகச் செய்ததை எல்லை தாண்டி விற்பதற்கும் அனுமதித் தாள் கேட்பார்கள். தமிழ்நாட்டில் நிற்கிற ஈட்டி மரத்தை வெட்டுவதைக் கட்டுப்படுத்தவே 1994-இல் தனிச்சட்டம் வந்தது. இனிமேல் இந்தக் கனத்தில், இந்த மரத்தில் ஒருவர் புதிதாகச் செய்து தருவது நடக்காது. இருக்கிற மேசையில் கைவைப்பதற்கு முன்னால் இத்தனை பேர் இத்தனை தடவை யோசிக்கச் சொல்வது அதனால்தான்.

இரணியல்காரி:

ரொம்ப நன்றி எல்லாருக்கும். கால் வேண்டாம், பி.யு. வேண்டாம், முடிவாகிவிட்டது. முற்றத்தைப் பார்த்த உள்சுவரில் வைக்கிறோம். கடைசியாக ஒரு சந்தேகம், குழித்துறை அண்ணாச்சி. பளிங்கின் நடுவே எண்ணெய் விளக்கு வைத்த வட்டக் கறை இருக்கிறது, ஓரத்தில் வெற்றிலைச் சாறு மாதிரி ஒரு செம்பழுப்புக் கறை. ஆசாரி கிரானைட் மாற்றச் சொன்னது இதைப் பார்த்துத்தான். போகுமா?

குழித்துறைப் பட்டறை:

எண்ணெய்க் கறை பெரும்பாலும் போகும், பொறுமை வேண்டும். சமையல் சோடாவைத் தண்ணீர் விட்டுக் கெட்டியாகக் குழைத்துக் கறை மேல் அரை அங்குலக் கனத்துக்கு அப்புங்கள். மேலே பிளாஸ்டிக் தாள் போட்டுச் சுற்றிலும் ஒட்டி ஒரு நாள் விடுங்கள், அப்புறம் தாளை எடுத்துவிட்டுத் தானாகக் காய விடுங்கள். காயும்போது உள்ளே இறங்கின எண்ணெயை மேலே இழுக்கும். ஒரு தடவையில் முழுக்கப் போகாது, நாலைந்து தடவை செய்ய வேண்டி வரலாம். வெற்றிலைக் கறைக்கு அதே மாவைத் தண்ணீருக்குப் பதில் மருந்துக்கடையில் கிடைக்கிற ஹைட்ரஜன் பெராக்சைடில் குழைத்துப் போடுங்கள், ஆனால் முதலில் சுவர்ப்பக்க மூலையில் கொஞ்சம் வைத்துப் பாருங்கள். பளிங்கை மேசையிலிருந்து எடுத்துத் தனியாக வைத்து இந்த வேலையைச் செய்யணும், பெராக்சைடு ஈட்டியில் படக் கூடாது.

எலுமிச்சை, வினிகர், புளி, பாத்ரூம் ஆசிட் இந்த நாலும் பளிங்கின் பக்கம் வரவே கூடாது. பளிங்கு சுண்ணாம்புக் கல்லிலிருந்து உருவானது, புளிப்புப் பட்டதும் அரித்து மேல்தோல் மங்கிவிடும், அந்த மங்கலைக் கல் மெருகிடுகிறவர்தான் எடுக்க முடியும். முக்கியமாக நிலவிளக்கைப் புளி போட்டுத் தேய்ப்போம் இல்லையா, அதை மேசை மேல் வைத்துத் தேய்க்காமல் கிணற்றடியில் தேய்த்து, கழுவி, துடைத்து, காய்ந்தபின் கொண்டுவந்து வையுங்கள். விளக்குக்கு அடியில் எப்போதும் ஒரு தாம்பாளம். ஆசாரி கிரானைட்டுக்கு அட்வான்ஸ் வாங்கியிருந்தால் அதைத் திரும்பக் கேட்பதற்குப் பதில் அந்தக் காசில் ரீப்பரும் பட்டையும் செய்யச் சொல்லுங்கள், பழைய துளைகளின் அளவை அட்டையில் வரைந்து அவரிடம் கொடுத்தால் பட்டை சரியாக உட்காரும்.